மலையிறங்கும் சைக்கிளும் மனுஷன் எடையும்



'பைக்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நூறு சிசி, நூற்றைம்பது சிசி என்று கற்பனையை முறுக்கிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது பெட்ரோல் குடிக்காத பைக். சுத்தமான சைக்கிள். ஆனால் மிதிப்பதற்கென்று செய்த சைக்கிளும் இல்லை! ரோப் காரிலோ லாரியிலோ மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய், கல்லும் வேரும் பள்ளமுமாகக் கிடக்கிற பாதையில் கீழே இறக்குவதற்காகவே செய்யப்பட்ட வண்டி. டவுன்ஹில் மவுண்டன் பைக் என்று பெயர்.

"ஏன்டா, ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் வெளிநாட்டு சைக்கிளைப் பற்றி எழுதுகிறாயே, வேறு விஷயமே கிடைக்கலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்காமல் இல்லை. வரதட்சணைக் கொடுமை, இளைஞர் சக்தி, நேரம் பொன் போன்றது என்று எழுத நம் மலரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் கட்சி வேறு. மெஷின் படிக்கிற நமக்கு இந்த சைக்கிளைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆளுக்கு எப்படி அளவு பார்க்கிறார்கள், எப்படி செட்டிங் பண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நம்ம ஊரில் 'எம்டிபி' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற சைக்கிளை நம்பி ஏதாவது ஒரு மலையில் இறங்கிப் பல்லை உடைத்துக்கொள்ளவும் மாட்டோம். இந்த இரண்டாவது விஷயம் விளையாட்டில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டி எங்கே பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்று ஒரு பகுதி. அங்கே ஃபேர்ஃபேக்ஸ் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை. சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று சில நீளமுடி இளைஞர்கள் அந்தப் பாதையில் ஒரு பந்தயம் வைத்தார்கள். அவர்கள் ஓட்டியது என்ன தெரியுமா? 1930களிலும் 40களிலும் செய்த, காயலான் கடைக்குப் போகவேண்டிய பலூன் டயர் சைக்கிள்கள். எடை ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல். பந்தயத்தை நடத்தியவர் சார்லி கெல்லி. அந்தப் பாதையில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கியதுதான் பெரிய ரெக்கார்டு.

அந்த சைக்கிள்களில் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருந்தது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் பிடிக்கும். உச்சியிலிருந்து அடிவாரம் வருவதற்குள் ஹப்பு கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ரவுண்டு. மறுபடி அடைப்பது ஆங்கிலத்தில் ரீபேக். பாதைக்கே ரீபேக் என்று பெயர் நிலைத்துவிட்டது. 1977இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், "பழசை ஒட்டுப்போட்டது போதும்" என்று இந்த வேலைக்கென்றே புதிதாக ஃபிரேம் கட்டினார். 1990இல் கொலராடோ மாநிலம் டுராங்கோவில் முதல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப். அதிலேயே டவுன்ஹில்லும் ஒரு பிரிவு. வரலாறு போதும்.

நான் ஏன் கிரீஸ் புகைந்த கதையை இவ்வளவு நீட்டினேன் என்றால், டவுன்ஹில் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறவன் முதலில் பார்க்கவேண்டியது பெயின்ட்டையும் இல்லை, கியரையும் இல்லை, பிரேக்கைத்தான். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஹெல்மெட், கவசம் எல்லாம் சேர்த்து ஆள் 70 கிலோ. வண்டி 17 கிலோ. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் உலகக் கோப்பைப் பாதை இருக்கிறது. இறக்கம் ஏறத்தாழ 550 மீட்டர். எம் ஜி ஹெச் போடுங்கள்: 87 பெருக்கல் 9.81 பெருக்கல் 550. சுமார் 4,69,000 ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 1.6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும்! முன்னணி வீரர்கள் இதை ஏறக்குறைய நாலரை நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி 1.7 கிலோவாட். வீட்டு இஸ்திரிப்பெட்டி இரண்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. இதில் ஒரு பங்கு காற்றுத் தடையிலும், டயர் உரசலிலும், ஷாக் அப்சார்பர் எண்ணெயிலும் போய்விடும். மிச்சமெல்லாம் இரண்டு பிரேக் டிஸ்க்கின் தலையில்தான். அதனால்தான் டவுன்ஹில் வண்டியில் 200 முதல் 220 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கும், ஒவ்வொரு பக்கமும் நாலு பிஸ்டன் உள்ள ஹைட்ராலிக் பிரேக்கும் போடுகிறார்கள். 'தெர்மல்' பாடத்தில் இந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால் நம்மில் பாதிப் பேருக்கு ஆர்ரியரே விழுந்திருக்காது.

பிரேக்குக்கு அடுத்தது சஸ்பென்ஷன். முன்னாலும் பின்னாலும் சக்கரம் சுமார் 200 மி.மீ. ஏறி இறங்கும். முன்ஃபோர்க் சாதாரண சைக்கிள் மாதிரி ஒரே இடத்தில் மாட்டப்பட்டதில்லை. மோட்டார் பைக் மாதிரி ஹெட் டியூபுக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று இரண்டு பிடி. ஹெட் டியூப் தரையோடு போடுகிற கோணம் 62 முதல் 64 டிகிரி வரை. ரோடு ரேஸ் சைக்கிளில் இது 73 டிகிரி வாக்கில் இருக்கும். கோணம் படுக்கப் படுக்க முன்சக்கரம் முன்னால் தள்ளிப் போகும். செங்குத்தான சரிவில் குப்புறக் கவிழ்கிற ஆபத்து குறையும். அதற்கு விலையும் உண்டு. மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் மந்தமாகத் திரும்பும், ஏற்றத்தில் முன்சக்கரம் நாய்க்குட்டி மாதிரி அங்குமிங்கும் அலையும். எல்லாவற்றிலும் நல்லதாக ஒரு வண்டி இருக்கவே முடியாது, நண்பர்களே. கேட்லாக்கில் அப்படி எழுதியிருந்தால் கேட்லாக் பொய் சொல்கிறது.

இதனால் ஒரு யோசனையும் சொல்லவேண்டும். மேலே ஏற்றிவிட ரோப் காரோ லாரியோ இல்லாத இடத்தில் முழு டவுன்ஹில் வண்டி வாங்குவது, ஊர்ப்பொங்கல் அண்டாவில் ஒருத்தனுக்கு டீ போடுகிற மாதிரி. அப்படிப்பட்ட இடத்தில் 160, 170 மி.மீ. டிராவல் உள்ள, மிதித்து மேலே ஏறவும் முடிகிற எண்டியூரோ வகை வண்டிதான் புத்திசாலித்தனம். 200 மி.மீ. என்பது கௌரவம் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கருவி.

சக்கரத்தைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. ரொம்ப நாளாக 26 இஞ்ச் சக்கரம்தான். பிறகு 27.5 வந்தது. 29 இஞ்ச் டவுன்ஹில்லுக்கு ஒத்துவராது, இடம் பற்றாது, வளைவில் திரும்பாது என்று பெரிய பெரிய ஆட்களே சொன்னார்கள். 2017இல் தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் அதே ஃபோர்ட் வில்லியம் பாதையில் 29 இஞ்ச் வண்டியில் உலகக் கோப்பைப் பந்தயத்தை ஜெயித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். முன்னால் பெரிசு, பின்னால் சிறிசு என்று கலந்து போடுவதற்கு 2019இல் உலக சைக்கிள் சங்கம் விதியைத் தளர்த்தியது; அந்த வருஷமே ஃபிரான்சின் லோயிக் புரூனி அப்படிப்பட்ட வண்டியில் உலக சாம்பியன் ஆனார். பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருளும். ஆனால் குள்ளமான ஆளுக்குச் சரிவில் பின்னால் சாயும்போது பின்டயர் உட்காரும் இடத்தில் தேய்க்கும் (சிரிக்காதீர்கள், நிஜமாகவே பேன்ட் கிழியும்). அதனால் நம்மைப் போல நடுத்தர உயரக்காரர்களுக்குக் கலப்பு வண்டிதான் என் ஓட்டு.

கியரைப் பற்றி நம் பையன்கள் பேசுகிற பேச்சுதான் எனக்கு எரிச்சல். "மச்சான், 21 கியர்டா!" டவுன்ஹில் வண்டியில் பெரும்பாலும் பின்னால் 7 பல்சக்கரம், முன்னால் ஒன்றே ஒன்று. அவ்வளவுதான். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவின் ஆரன் க்வின், புறப்பட்ட உடனேயே செயின் அறுந்துபோய், செயினே இல்லாமல் கடைசிவரை இறங்கி முதல் பரிசு வாங்கினார்! பிரேக் அறுந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? எதற்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, அளவுக்கு வருவோம். சைக்கிளுக்கு நம்ம ஊர் அளவு முறை எல்லோருக்கும் தெரியும். 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று சீட் டியூபின் நீளத்தைச் சொல்வோம். காலைப் போட்டுப் பார்த்து, தரையில் பாதம் பட்டால் 'சைஸ் சரி'. உட்கார்ந்து மிதிக்கிற வண்டிக்கு இது நியாயம்தான். ஆனால் டவுன்ஹில்லில் யார் உட்காருகிறார்கள்? சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பெடலில் நின்றுகொண்டேதான் வருகிறார்கள். அப்படியானால் சீட் டியூப் நீளம் எதற்கு? அதனால் அளவு முறையே மாறிவிட்டது. பெடல் அச்சு இருக்கிற பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து நேர் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூபின் மேல்வாய் மையம்வரை படுக்கைவாட்டில் எத்தனை மி.மீ.? அதுதான் ரீச். அதே இரண்டு புள்ளிக்கும் உயர வித்தியாசம் ஸ்டாக். நின்றுகொண்டு ஓட்டுகிறவனுக்கு வண்டி பெரிதா சிறிதா என்று சொல்வது இந்த இரண்டும்தான்.

170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளுக்கு 440 முதல் 460 மி.மீ. ரீச் என்று ஆரம்பிப்பது வழக்கம். 180ஐத் தாண்டினவர்கள் 470, 490 என்று போகிறார்கள். ரீச் அதிகமானால் வேகத்தில் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி நிற்கும். குறைந்தால் வளைவில் சுளுவாக மடங்கும். ரெண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வது? பாதை நேராக, வேகமாக இருந்தால் பெரிசு. நெளிந்து நெளிந்து இறங்கினால் சிறிசு. இதில் நண்பனைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நண்பன் கை நீளம் வேறு, உன் கை நீளம் வேறு.

ஹேண்டில்பார் கடையிலிருந்து வரும்போது 800 மி.மீ. அகலத்தில் வரும். முழு அகலத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளவேண்டும் என்று சட்டமில்லை. தரையில் தண்டால் எடுக்கிற மாதிரி கையை வைத்துப் பாருங்கள். பலம் அதிகமாகத் தெரிகிற அகலம்தான் உங்கள் அகலம். வெட்டுவதானால் இரண்டு பக்கமும் 5 மி.மீ. வெட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டவேண்டும். ஃபைலிங் பிராக்டிகலில் வாத்தியார் சொல்வாரே, எடுத்த உலோகத்தை ஒட்டவைக்க முடியாதென்று. அது இங்கேயும் பொருந்தும். பிரேக் லீவரை ஒரே விரல் எட்டுகிற தூரத்தில் வைக்கவேண்டும்; மற்ற விரல்களுக்கு ஹேண்டில்பாரைப் பிடிக்கிற வேலை இருக்கிறது. இன்னொன்று: நம் நாட்டில் முன்பிரேக் வலது கைக்கு. அமெரிக்க வண்டியில் இடது கைக்கு வரும். மாற்றாமல் ஓட்டினால் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கைப் பிடித்து ஆகாயத்தில் பறக்கலாம்.

பெடல்? காலைப் பூட்டுகிற கிளிப் பெடலா, ஆணி வைத்த தட்டைப் பெடலா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலில் ஓட்டி மூன்று முறை உலக சாம்பியன் ஆனவர். பழகுகிறவனுக்கு அதுவே போதும், விழும்போது காலாவது சுதந்திரமாக இருக்கும்.

இனி செட்டிங். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பல லட்சம் ரூபாய் கொடுத்து வண்டி வாங்கினாலும், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு இல்லையென்றால் அது உங்கள் வண்டி இல்லை. ஆள் கவசத்தோடு பெடலில் நிற்கும்போது பின்சக்கரம் தன் மொத்த டிராவலில் சுமார் 30 சதவீதம் அமுங்கி நிற்கவேண்டும். இதற்கு 'சேக்' என்று பெயர். முன்னால் இது குறைவு. 20 சதவீதம் வாக்கில். "எதற்கு அமுங்கவேண்டும், விறைப்பாக நின்றால் நல்லதுதானே?" என்று தோன்றும். அமுங்கியிருந்தால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே நீண்டு தரையை விடாமல் பிடிக்க முடியும். சக்கரம் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஹேண்டில்பாரும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். பின்சக்கரம் 200 மி.மீ. ஏறும்போது ஷாக் 75 மி.மீ. அமுங்குகிறது. லிவரேஜ் ரேஷியோ 200 வகுத்தல் 75, அதாவது 2.67. அதே 70 கிலோ ஆள். நிற்கும்போது அவன் எடையில் 60 சதவீதம் பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 42 கிலோ. ஸ்பிரிங் தாங்குகிற வண்டியின் பங்கு 5 கிலோ. மொத்தம் 47 கிலோ, அதாவது 461 நியூட்டன். லீவர் கணக்குப்படி ஷாக்கில் விழுகிற விசை 461 பெருக்கல் 2.67, சுமார் 1,230 நியூட்டன். 30 சதவீதம் சேக் என்றால் ஷாக் 22.5 மி.மீ. அமுங்கவேண்டும். 1,230ஐ 22.5ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 54.7 நியூட்டன். கடைக்காரர் பாஷையில் இஞ்சுக்கு 312 பவுண்டு. ஸ்பிரிங் 300, 325 என்று கிடைக்கும். ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து முடிவு செய்யவேண்டியதுதான். நிஜ வண்டிகளில் லிவரேஜ் ரேஷியோ ஆரம்பத்தில் அதிகமாகவும் கடைசியில் குறைவாகவும் இருக்கும்படி இணைப்புகளை வடிவமைக்கிறார்கள், அதனால் விடை கொஞ்சம் நகரும். ஆனால் 70 கிலோ ஆளுக்கு 450 பவுண்டு ஸ்பிரிங்கோடு வந்த வண்டி லாயக்கில்லை என்று சொல்ல இந்தக் கணக்கு போதும்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைப் போட்டு உடைக்கவேண்டும். "ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறதா? நட்டை இறுக்கு, கெட்டியாகிவிடும்." எத்தனை மெக்கானிக் வாயால் கேட்டிருப்போம்! ஸ்பிரிங்கின் விறைப்பு எதைப் பொறுத்தது? கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகம். நட்டை இறுக்கினால் இவற்றில் எது மாறுகிறது? ஒன்றும் மாறாது. ஸ்பிரிங் எந்த இடத்திலிருந்து அமுங்க ஆரம்பிக்கிறது என்பது மட்டும் மாறும். வண்டி உயரமாக நிற்கும், ஆனால் மேல்பகுதியில் சிடுசிடுவென்று உதைக்கும். ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கவேண்டி வந்தால் ஸ்பிரிங்கையே மாற்று என்று அர்த்தம்.

ஸ்பிரிங் சக்தியை விழுங்காது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுக்கிற வேகத்தை அடக்குவது எண்ணெய் டேம்பரின் வேலை. ரீபவுண்டு திருகு அதற்குத்தான். ரொம்ப அடக்கினால் ஒரு கல்லில் அமுங்கின சக்கரம் எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நாலாவது கல்லில் டிராவலே மிச்சமிருக்காது. விட்டுவிட்டால் வண்டி கழுதை மாதிரி பின்னங்காலால் உதைக்கும். கிரிட்டிக்கல் டேம்பிங் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பிரிங் விறைப்புக்கும் நிறைக்கும் வர்க்கமூலம் வருமே! அதனால்தான் கனமான ஆளுக்குக் கெட்டி ஸ்பிரிங் போட்டால் ரீபவுண்டையும் கூட்டவேண்டியிருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துபோன அந்த சூத்திரம் இங்கே ஒரு ஆளின் தோள்பட்டை எலும்பைக் காப்பாற்றுகிறது. எளிய சோதனை: பிளாட்ஃபாரக் கல்லிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் ஒரு தடவை மேலே வந்து அடங்கினால் சரி. ரெண்டு மூணு தடவை ஆடினால் பற்றாது. ஊர்ந்து ஊர்ந்து எழுந்தால் அதிகம்.

கம்ப்ரஷன் திருகில் 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று இரண்டு இருக்கும். வண்டி மெதுவாகப் போனால் ஒன்று, வேகமாகப் போனால் இன்னொன்று என்று பலபேர் நினைக்கிறார்கள். இல்லை! அது ஷாக்கின் தண்டு நகர்கிற வேகம். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தலை குனிவது லோ ஸ்பீடு, வண்டி எவ்வளவு வேகத்தில் போனாலும். நடந்து போகிற வேகத்தில் ஒரு கூர்மையான கல்லில் மோதினாலும் அது ஹை ஸ்பீடு.

டயர் காற்றையும் விட்டுவிடக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு முன்னால் 23 முதல் 25, பின்னால் 26 முதல் 28 பிஎஸ்ஐ என்று ஆரம்பிப்பார்கள். 2.4 இஞ்ச் அகலம், இரட்டைப் படலம் போட்ட டயர், உள்ளே டியூபுக்குப் பதில் ஓட்டையடைக்கும் பால். இந்தக் காற்றழுத்தம் ஒன்றுதான் செட்டிங்கிலேயே காசு செலவில்லாதது. ஆனால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. போல்ட்டுகளுக்கும் கணக்கு உண்டு. ஹேண்டில்பார் ஸ்டெம் போல்ட்டுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். நம்மிடம் டார்க் ரெஞ்சு லேப் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. 'நல்லா இறுக்குப்பா' என்பதுதான் நமக்கு டார்க் ஸ்பெசிஃபிகேஷன்!

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்தது, காற்று எவ்வளவு, பாதை ஈரமா காய்ந்ததா, நேரம் எத்தனை என்று எழுதுவார்கள். ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நம்மிடமும் நோட்டு இருக்கிறது. அதன் பெயர் ரெக்கார்டு நோட்டு. போன வருஷ சீனியருடையதைப் பார்த்து, ரீடிங்கைக்கூட மாற்றாமல் எழுதி, வெர்னியர் காலிப்பரைத் தொடாமலே 10க்கு 9 மார்க் வாங்குகிறோம். அந்த நோட்டுக்கும் இந்த நோட்டுக்கும் வித்தியாசம் இதுதான்: இதில் பொய் ரீடிங் எழுதினால் எழுதினவனே விழுவான்.

"எல்லாம் சரிப்பா, இது பணக்காரன் விளையாட்டு. நமக்கு பஸ் பாஸே பெரிய விஷயம்" என்று சொல்கிறவர்களுக்கு: ஒத்துக்கொள்கிறேன். நம்மில் யாரும் இந்த வண்டியை வாங்கப் போவதில்லை. ஆனால் ரீபேக் பாதையில் இறங்கினவர்களும் காயலான் கடைச் சரக்கை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். விளையாட்டும் ரொம்பத் தூரத்தில் இல்லை. 2023இல் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது பக்கத்துக் கேரளத்தின் பொன்முடியில். அதைவிட முக்கியமாக, இந்த வண்டியின் நிழல் நம்ம தெருவிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆம், அந்த 'எம்டிபி' சைக்கிள்! தடித்த டயர், நடுவில் மஞ்சள் கலர் ஸ்பிரிங், முன்னால் ஒரு ஸ்பிரிங் ஃபோர்க், தட்டு மாதிரி ஒரு டிஸ்க் பிரேக். பார்வைக்கு டவுன்ஹில் வண்டியின் தம்பி. சீட்டை ஒரு அழுத்து அழுத்தி விட்டுப் பாருங்கள். நாலைந்து தடவை குதித்தால் உள்ளே எண்ணெயும் இல்லை, டேம்பரும் இல்லை, வெறும் ஸ்பிரிங். 45 கிலோ பையனுக்கும் 85 கிலோ அண்ணனுக்கும் அதே ஸ்பிரிங். மாற்றவும் முடியாது. டிஸ்க்கு சின்னது, கேபிளில் இழுக்கிற ரகம். மேலே போட்ட கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அந்த வெப்பமெல்லாம் அந்தத் தட்டு எங்கே கொண்டு வைக்கும்? அதுவும் சட்டப்படி தார்ரோடு. ரோட்டை விட்டுப் பாறைப் பாதையில் இறங்கினால் கதையே வேறு. இந்த ரக வண்டிகள் சிலவற்றோடு வருகிற கையேட்டிலேயே கரடுமுரடான பாதைக்கு உபயோகிக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பெரிய எழுத்தில் ஃபிரேமில் என்ன எழுதியிருக்கிறது? 'எக்ஸ்ட்ரீம்', 'டவுன்ஹில்', 'மவுண்டன்'!

இதைத்தான் ஆரம்பத்தில் விளையாட்டில்லை என்றேன். வாங்குகிறது யார்? ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற நம் தம்பிகள். அப்பா கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு. அதே விலைக்குப் பின்னால் ஸ்பிரிங் இல்லாத, உறுதியான ஃபிரேமும் நல்ல பிரேக்கும் உள்ள சைக்கிள் கிடைக்கும். எடையும் குறைவு, மிதிக்கிற சக்தியும் ஸ்பிரிங்கில் வீணாகாது. நம் வீட்டுத் தம்பி கடைக்குப் போகும்போது கூடப் போய் இதைச் சொல்லுகிற அளவுக்காவது டிப்ளமோ உபயோகப்படவேண்டாமா?

கடைசியாகப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு புராஜெக்டை ரெடிமேடாகக் காசு கொடுத்து வாங்கி, வைவாவில் முழிக்கிற வழக்கம் நம் மத்தியில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் ஒரு பேட்ச் இதை எடுத்துச் செய்யலாம். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அந்த மஞ்சள் ஸ்பிரிங் வண்டி ஒன்று. ஆள் எடை பார்க்கிற மெஷின் இரண்டு, சக்கரத்துக்கு ஒன்றாக. ஒருத்தன் பெடலில் நிற்கவேண்டும், ஒருத்தன் பிடித்துக்கொள்ளவேண்டும், ஒருத்தன் ஸ்கேல் வைத்து அளக்கவேண்டும். நான் மேலே அனுமானமாகப் போட்ட 60 சதவீதம் சரியா தப்பா என்று முதல் நாளே தெரிந்துவிடும். லிவரேஜ் ரேஷியோவை 10 மி.மீ.க்கு ஒரு ரீடிங் எடுத்து கிராஃப் போடலாம். அந்த ஸ்பிரிங்கை நம்ம டெஸ்டிங் மெஷினில் அமுக்கி, அது எத்தனை கிலோ ஆளுக்குச் செய்தது என்று கண்டுபிடித்து, எண்ணை பெயின்ட்டால் அதன் மேலேயே எழுதிவிடலாம். ஸ்கேல், எடை மெஷின், கிராஃப் ஷீட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். வண்டி கொடுக்க எங்கள் செக்ஷனில் ஒரு நண்பர் சம்மதித்திருக்கிறார். ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிக் கொடுக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.